செத்தவீட்டு அறிவித்தலுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை

1

கணினியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். இங்கே ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்ட நான் எழுதுவதைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கிழமை ஊரிலிருந்து சறோ அக்கா தொலைபேசி எடுத்தார். சென்ற மாசிமாதம் இங்கே காலமான குணரத்தினம் அண்ணையின் ஒரே தங்கச்சி அவர். "அண்ணைக்கு அங்கை என்ன நடந்தது, ஆர் என்ன செய்தது எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லுகினமில்லை. நீ தானே நிண்டனி. எழுதி அனுப்பு தவம்" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். தொலைபேசியில் சொல்லத்தான் பார்த்தேன். பாதியில் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சனசமூக நிலையத்து ஆண்டு மலரிலும் இதைப் போடலாம் என்று அவர் சொன்னார். ஆகவே எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

2

குணம் அண்ணை எங்களுக்கெல்லாம் முந்தி நோர்வேக்கு வந்தவர். வடக்கே கடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில், குனிந்து குனிந்து இடுப்பில் நாரி போகும்வரை வேலை செய்தார். நாரி போன பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார். வேலையில்லாதவர்களை அரசாங்கம் அனுப்பும் வகுப்பு ஒன்றுக்கு அவரையும் அனுப்பினார்கள். அங்கேதான் யுனிக்ஸ் என்ற கணினி முறையைப் படித்தார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் படித்ததை வீணாக்காமல், எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் இயந்திரத்தைத் தானே நிறுவினார். ஒஸ்லோ ஓரத்தில் ஹவுகெட்டோவில் அவருடைய ஒற்றை அறை வீட்டில், பனிச் சப்பாத்து வைக்கும் அலுமாரிக்குள் அது இரவு பகலாக இரைந்துகொண்டு நின்றது. கலியாணம் கட்டாத மனுசன். அந்த இரைச்சலுக்குத்தான் தனக்கு நித்திரை வருகிறது என்று பகிடியாகச் சொல்லுவார்.

அந்த இயந்திரம் அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் மரண அறிவித்தல்தான். ஊரில் ஒருவரின் தகப்பன், கனடாவில் ஒருவரின் மாமி. சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தால், திறக்க முன்னமே "ஆராம்?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இடையில் சங்கம் உடைந்தது. ஆண்டு ஒன்றுகூடலை ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு மண்டபத்தில் வைப்பதா ஒஸ்லோவுக்குள் வைப்பதா என்று தொடங்கிய கதை, கடைசியில் ஆருடைய தகப்பன் ஊரில் ஆருடைய வேலியை அரக்கிக் காணி பிடித்தவர் என்பதில் போய் நின்றது. கைத்தொலைபேசிக் குழு மூன்றானது. மூன்றும் தாங்கள்தான் சங்கம் என்றன. பழைய மின்னஞ்சல் பட்டியலிலிருந்து மட்டும் ஒருவரும் விலகவில்லை. விலகலாம் என்பதே யாருக்கும் நினைவில்லை.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். செயலாளராக யார் நிற்பது என்று கேட்ட கூட்டத்தில் நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது சம்மதம் என்று எழுதிவிட்டார்கள்.

குணம் அண்ணை நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இந்த நாட்டில் அவருக்கு இரத்த உறவு ஒருவரும் இல்லை. யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் நகரசபையே தகனம் செய்துவிடும். நான் பொறுப்பெடுக்கிறேன் என்று சவச்சாலைக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இறந்தவர் உனக்கு என்ன முறை என்று அந்தப் பெண் நோர்வேஜிய மொழியில் கேட்டாள். இத்தனை வருடமும் அண்ணை என்றுதானே கூப்பிட்டேன், சகோதரன் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே பதிந்துவிட்டாள். அடுத்த நாள் வாரிசுரிமை பற்றி நீதிமன்றத்திலிருந்து கேள்வி வந்தது. ஒரே தகப்பனா, ஒரே தாயா, பிறப்புப் பத்திரம் எங்கே. அண்ணை என்று கூப்பிடும் எல்லோரும் அண்ணை அல்ல என்று மூன்று காரியாலயங்களுக்கு விளக்க வேண்டி வந்தது. வேலைக்கிடையில், சலவை இயந்திரங்களின் சத்தத்துக்குள் நின்று விளக்கினேன்.

கடைசியில் ஒரு புதன்கிழமை நாள் தந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியாது என்றேன். "ஒருவரும் வராவிட்டால் எங்கள் ஊழியர்கள் இரண்டு பேர் வந்து நிற்பார்கள், தனியாக விடமாட்டோம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் இருந்துவிட்டது. ஊர்ச் சனத்தின் சாவையெல்லாம் ஊருக்கு அறிவித்த மனுசனுக்குப் பக்கத்தில், பெயர் தெரியாத இரண்டு பேர் சம்பளத்துக்கு நிற்கப்போகிறார்கள்.

சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணையிடம் கேட்டேன். குழுவில் போடுவோமா என்று.

"எங்கட குறூப்பிலை போட்டா மற்ற ரெண்டு பகுதியும் வராது பிள்ளை. இது அவையின்ரை செத்தவீடு எண்டு விட்டிடுவினம்."

"அப்ப மூண்டிலையும் போடுவம் அண்ணை."

"மூண்டிலையும் போட்டா, முதல்லை எதிலை போட்டது எண்டு நேரம் பாப்பினம். உனக்கு எங்கட ஆக்களைத் தெரியாதே?" பெருமூச்சு விட்டார். "சங்கத்தின்ரை இமெயில்லை வரவேணும். குணத்தின்ரை மெசின்லை வந்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

அந்த மெசின் அப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. குணம் அண்ணையின் வீட்டைக் காலி செய்தபோது அலுமாரியிலிருந்து தூக்கி வந்திருந்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை.

3

எங்களுக்கு மேல் மாடியில் வனிதா என்று ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறது. கோயம்புத்தூர். கணினி நிறுவனத்தில் வேலை. படியில் கண்டால் சிரிக்கும், நானும் சிரிப்பேன், அவ்வளவுதான் பழக்கம். அவளுடைய கதவைத் தட்டுவதற்கு முன் நான் படியில் ஏறி இறங்கி நின்றேன்.

அவள் வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். "போர்டு போயிடுச்சுக்கா. ஆனா டிஸ்க் நல்லா இருக்கு. மெயில் லிஸ்ட் எடுத்திடலாம்" என்றாள். "புதுசா ஒண்ணுல இன்ஸ்டால் பண்ணணும். அவரோட பழைய லைன்ல விட்டாங்க, இப்பல்லாம் வீட்டு இன்டர்நெட்ல இருந்து மெயிலை வெளியே விடமாட்டாங்க. வெளில ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்துக்கலாம்."

"நீங்களே செய்து தருவியளோ?"

"தர்றேன். ஆனா டைப் பண்றது நீங்க."

"எனக்கு இது தெரியாது பிள்ளை."

"எனக்கு விசா இன்னும் கொஞ்ச நாள்தான்கா. நான் போனப்புறம் யாரு பாப்பாங்க?"

அப்படித்தான் நான் ஒரு கணினியின் கறுப்புத் திரைக்கு முன் வந்து இருந்தேன். படம் இல்லை, அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. எழுத்து மட்டும். நாங்கள் ஒரு வரி எழுதினால் அது ஒரு வரி சொல்லும். சரியாக எழுதினால் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாது. "சைலண்டா இருந்தா சந்தோஷம்னு அர்த்தம்கா, யுனிக்ஸ் அப்படித்தான்" என்றாள் வனிதா. எனக்கு அந்தக் குணம் பிடித்தது.

கடிதம் அனுப்பும் மென்பொருளை நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஒரே ஒரு கட்டளை. திரையில் எழுத்துக்கள் மழைபோல ஓடி ஓய்ந்தன. அதற்குப் பிறகுதான் வேலை. ஒரு நீண்ட அமைப்புக் கோப்பைத் திறந்து, வரிவரியாக அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உன் பெயர் இது. நீ எந்தச் சங்கத்துக்குக் கடிதம் எடுத்துப் போகிறாய். யாருடைய கடிதத்தை நீ எடுக்கக் கூடாது. ஒரு காற்புள்ளியை விட்டேன், இயந்திரம் எழும்ப மறுத்தது. வனிதா விரலால் காட்டவில்லை, நானே கண்டுபிடிக்கும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விளங்காமல் போன இடம் ஒன்று. எங்கள் இயந்திரம் இன்னொரு இயந்திரத்திடம் கடிதம் கொண்டுபோனால், அது வாங்குவதற்கு முன் விசாரிக்குமாம். நீ சொன்ன பெயரும் உன் விலாசமும் பொருந்துகிறதா என்று வேறு இடத்திலும் கேட்டுப் பார்க்குமாம்.

"ஏன் அப்பிடி?" என்றேன்.

"தெரியாதவங்க வந்தா நீங்க என்னக்கா கேப்பீங்க?"

"எந்த ஊர், ஆற்றை பிள்ளை எண்டு கேப்பம்."

"அதேதான்."

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்று பின்னேரம் இருந்து, எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பதற்கெல்லாம் ஒழுங்கான மறுமொழியை எழுதி வைத்தோம். இயந்திரம் எழும்பியது. என் மகள் ஆரணிக்கு முதல் கடிதம் அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று ஒரு வரி வந்தது. எனக்குக் கண் கலங்கியதை வனிதா கண்டாளோ தெரியாது.

4

ஆரணி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அறையிலிருந்து சத்தம் போட்டாள்.

"அம்மா, வரேல்லை."

"போயிட்டுதெண்டு சொல்லுதே."

"பொறுங்கோ. ஆ, சொப்பல்போஸ்ட்டுக்குள்ளை கிடக்கு."

சொப்பல்போஸ்ட் என்றால் குப்பைக் கடிதம். வேண்டாத விளம்பரங்களைத் தள்ளிவிடும் பெட்டி. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வனிதாவின் முகவரிக்கும் அனுப்பிப் பார்த்தோம். அங்கேயும் குப்பைதான். சங்கத்தின் பட்டியல் முழுவதற்கும் அனுப்பினால் முழுவதும் குப்பைக்குள் போகும்.

"புது மெஷின்கா. யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் வனிதா. "ஆளுங்க திறந்து பாத்து, குப்பை இல்லைன்னு எடுத்து, பதில் எழுதணும். பதில் வந்தா தான் பெரிய கம்பெனி மெஷினுங்க நம்ப ஆரம்பிக்கும். உங்க ஆளுங்க பதில் எழுதுவாங்க இல்லையா?"

எழுதமாட்டார்கள். மரண அறிவித்தலுக்கு எங்கள் ஆட்கள் பதில் எழுதுவதில்லை. அது முறை இல்லை. செத்தவீடென்றால் போய் நிற்க வேண்டும். போக முடியாவிட்டால் பிறகொரு நாள் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். கிடைத்தது நன்றி என்று துக்கத்துக்கு எழுதுவதா?

"வேற எதுக்காவது எழுதுவாங்களா? நல்ல விஷயத்துக்கு?"

யோசித்தேன். சித்திரை வருடப்பிறப்பு வாழ்த்துக்கு எழுதுவதில்லை. ஒன்றுகூடல் அழைப்புக்கு எழுதுவதே இல்லை, நேரே வந்து சாப்பாடு போதாது என்பார்கள். இவ்வளவும் கேட்டுக்கொண்டு நின்ற ஆரணி சொன்னாள்: "உங்கட ஆக்கள் எதுக்குத்தான் அம்மா பதில் எழுதுவினம்?"

உங்கட ஆக்கள் என்றாள். எப்போதிலிருந்து அது அப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் ஒன்றுகூடலில் பாட்டுப் பாடியவள். அப்போது எங்கட ஆக்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். களைப்பில் நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கேள்விக்கு மட்டும் மறுமொழி சொன்னேன்.

"பிழை கண்டா எழுதுவினம்."

வனிதா சிரிக்கத் தொடங்கினாள். "அப்போ ஒரு தப்பா எழுதுங்கக்கா."

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடந்த கரப்பந்தாட்ட இறுதிப்போட்டி உங்களுக்கெல்லாம் தெரியும். வெளிச்சம் போகும்வரை நடந்தது. வென்றது நாங்கள்தான். எங்கள் ஊரில் பிறந்த ஒருவரும் அதை மறக்கமாட்டார்கள். நான் சங்கத்தின் பெயரில் நாலு வரி எழுதினேன். பழைய நினைவுகள் என்று தலைப்புப் போட்டேன். அந்த இறுதிப்போட்டியில் பக்கத்து ஊர் வென்றதென்றும், ஆனாலும் எங்கள் இளைஞர்கள் மனம் தளராமல் ஆடினார்கள் என்றும் எழுதினேன். கீழே என் பெயர், செயலாளர். அந்தப் பொய்க்குக் கீழே கிடந்த என் பெயரை இரண்டு தரம் அழித்துத் திரும்ப எழுதினேன்.

"எல்லாருக்கும் அனுப்பாதீங்க" என்றாள் வனிதா. "புது மெஷின் ஒரேடியா நிறைய அனுப்பினா சந்தேகப்படுவாங்க. கொஞ்சப் பேரு மட்டும். யாரை எடுக்கலாம்?"

"வாய் கூடினவையை எடுப்பம்" என்றாள் ஆரணி. அவளுக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று பேரின் பெயரைத் தானே சொன்னாள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் தொலைபேசி எடுத்து, சங்கத்துக் கடிதம் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கும், ஒருக்கால் பாருங்கோ அண்ணை என்று சொல்லி வைத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. அன்று பொழுதுபட முன்னமே பதில்கள் வந்துவிட்டன.

"செயலாளர் அவர்களுக்கு, நீர் அந்த நேரம் ஊரிலை இருந்தனீரோ?" என்று ஒன்று.

"பக்கத்து ஊரார் உங்களுக்கு என்ன தந்தவை?" என்று இன்னொன்று.

கடைசி ஆட்டத்தின் புள்ளிகளை ஒன்றொன்றாக எழுதி ஒருவர். அந்தப் புள்ளிகள் பிழை என்று அவருக்கு மேல் இன்னொருவர். நான் தொலைபேசி எடுத்தவர் வாசித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல, அவர்களும் தங்கள் குப்பைப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். மூன்று குழுவிலும் அன்று அதுதான் கதையாம். அனுப்பாத ஆட்களிடமிருந்தும் வந்தது: "இப்படியொரு கடிதத்தை எனக்கு ஏன் அனுப்பவில்லை? நான் ஊரவன் இல்லையா?" அவர்களுக்கும் அனுப்பினேன். அவர்களும் குப்பையிலிருந்து எடுத்து ஏசினார்கள். வனிதா ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். யாழ்ப்பாணத் தமிழில் ஏச்சு இவ்வளவு மரியாதையாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லையாம்.

வீட்டில்தான் சிரிப்பு இல்லை. என் கணவர் அந்த அணியில் விளையாடியவர். பஸ் ஓட்டிவிட்டு வந்து, உடுப்பு மாற்றாமலே வாசலில் நின்றார்.

"என்னை வீட்டிலை வைச்சுக்கொண்டு நீ எப்பிடி அதை எழுதினனி?"

காரணத்தைச் சொன்னேன். குணம் அண்ணைக்காக என்றேன்.

"செத்த மனுசனுக்காக ஊரைத் தோக்கப் பண்ணுறதோ?" என்றார். பிறகு சாப்பிட்டார். அடுத்த நாள் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை ஆரணிக்கு இன்னொரு சோதனைக் கடிதம் அனுப்பினேன். இந்த முறை அவள் சத்தம் போடவில்லை. எழும்பி வந்து கைத்தொலைபேசியை என் கையில் தந்தாள். குப்பைப் பெட்டியில் இல்லை, வரவேண்டிய இடத்தில் வந்து கிடந்தது.

5

சனிக்கிழமை காலை அறிவித்தலை எழுதினேன். பெயர், ஊர், தகன மண்டபத்தின் விலாசம், புதன்கிழமை, நேரம். "எமது சங்கத்தின் மின்னஞ்சலை இத்தனை காலமும் நடத்தியவர்" என்று ஒரு வரி சேர்த்தேன். பட்டியல் முழுவதற்கும் அனுப்பினேன். அனுப்பியாயிற்று, அனுப்பியாயிற்று என்று வரிகள் இறங்கின. ஒன்றிரண்டு மட்டும் பிறகு முயல்கிறேன் என்று நின்றன. அது வழமைதான், தானே திரும்பத் திரும்ப முயலும் என்றாள் வனிதா.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஞாயிறும் இல்லை. திங்களும் இல்லை. கரப்பந்துக்கு வந்த ஏச்சுக்கூட நின்றுவிட்டது.

முறைப்படி பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். கிடைத்திருந்தால் பதில் வராது. குப்பைக்குள் போயிருந்தாலும் பதில் வராது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னிடம் வழி இல்லை. வேலையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு, வந்து நிற்கப்போகும் அந்த இரண்டு ஊழியர்களைப் பற்றியே யோசித்தேன். அவர்களுக்கென்றாலும் தேத்தண்ணி கொண்டுபோக வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை குறொன்லாண்டுக் கடைத்தெருவில் இறங்கி, பூவோடு கடதாசிக் குவளையும் வாங்கினேன்.

புதன்கிழமை மழையும் பனியும் கலந்து பெய்தது. நானும் கணவரும் ஆரணியும் வனிதாவும் நேரத்தோடு போனோம். மண்டபத்தில் உட்காரும் வாங்குகள் வெறுமையாக இருந்தன. முன்னால் பெட்டி. சவச்சாலைக் காரியாலயத்து இருவரும் கறுப்புடுப்போடு வாசலில் நின்றார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதலில் வந்தது வடக்கிலிருந்து ஆறேழு வயதான ஆட்கள். மீன் தொழிற்சாலையில் அண்ணையோடு நின்றவர்கள். விமானத்தில் வந்து, பைகளோடு நேரே வந்திருந்தார்கள். பிறகு ஒரு பகுதி வந்தது. பிறகு மற்றப் பகுதி. பிறகு மூன்றாவது. வாங்குகள் போதாமல் பின்சுவரோடு நின்றார்கள். மூன்று பகுதியும் மூன்று இடமாகத்தான் நின்றது, ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஆனால் வந்தார்கள். காரியாலயத்து இருவரும் இடம் விட்டு வெளியே போய் நின்றார்கள்.

தேவாரத்தை வடக்கிலிருந்து வந்த ஒருவர் பாடினார். குரல் உடைந்த இடத்தில் மற்றவர்கள் எடுத்துப் பாடினார்கள். எந்தப் பகுதி எடுத்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வரும்போது சிவபாதம் அண்ணை கிட்ட வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அந்த மட்ச். நாங்கள் தான் வெண்டது."

"ஓம் அண்ணை."

"திருத்தி ஒண்டு போட்டுவிடு."

வழியில் இன்னும் பலர் அதையே சொன்னார்கள். கணவர் எனக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஆரணி வனிதாவுக்கு யார் யார் எந்தப் பகுதி என்று காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். கடதாசிக் குவளை போதாமல் போனதால் முதலில் வயதானவர்களுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் காலை, வேலைக்குப் போக முன் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். அது எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தது. ஒரு முகவரிக்கு அறிவித்தலைக் கொடுக்க நாள்கணக்காக முயன்றதாகவும், அந்தப் பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை என்றும், இனி முயலப் போவதில்லை என்றும் சொன்னது. குணம் அண்ணை தன் வீட்டு இயந்திரத்திலேயே தனக்கென்று வைத்திருந்த முகவரி அது. பட்டியலில் அவருடைய பெயரும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கினேன். கோப்பைச் சேமித்தேன். இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரயிலுக்கு நடந்தேன்.